ஓர் ஆள் கனம்

ஓமானில் சோஹார் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த பழைய இரும்புக் கிடங்கில் சர்ச்சிலின் வெண்கலச் சிலை ஒன்று இருந்தது. யாராவது பக்கத்தில் நின்று அவரைப் பற்றிப் பேசினால் அதன் எடை கூடும். கிடங்கில் வேலை பார்த்தவர்கள் இதைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச காலம் ஆனது. கண்டுபிடித்த பிறகு யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை தண்ணீர் லாரி தாமதமாக வரும், கோடையில் கையுறை இல்லாமல் இரும்பைத் தொடக் கூடாது, சர்ச்சில் பக்கத்தில் சர்ச்சில் பேச்சு கூடாது. புதிதாக டியூட்டிக்கு வருகிறவனுக்கு இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். அவனும் தலையாட்டிவிட்டு, மெஸ்ஸில் இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்பான்.

சிலை அங்கே வந்தது தனியாக அல்ல. வளைகுடாக் கரையில் ஏதோ ஓர் ஊரில் வெள்ளைக்காரர்கள் நடத்திவந்த கிளப் ஒன்று ஆள் குறைந்து மூடப்பட்டது. அங்கிருந்த நீச்சல் குளத்துக் கைப்பிடிக் கம்பிகள், சமையலறைப் புகைக்கூண்டு, உடைந்த பிலியர்ட்ஸ் மேசையின் கால்கள் ஆகியவற்றோடு ஒரே டிரெய்லரில் அதுவும் வந்து இறங்கியது. தடித்த உருவம், நீளக் கோட்டு, ஒரு கையில் தடி, இன்னொரு கையில் சுருட்டு இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. காஸ் கட்டர் வேலை பார்த்த மணிகண்டன் அதைக் கிளப்பின் முதலாளி என்று முடிவு கட்டி, தினமும் காலையில் "குண்டு சார், குட்மார்னிங்" சொல்லிவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தான். சேஃப்டி ஆபீசராக வந்த கோயம்புத்தூர்ப் பெண் சம்யுக்தாதான் அது யாரென்று சொன்னாள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது இங்கிலாந்தின் பிரதமர், ஹிட்லரிடம் பணிய மாட்டேன் என்று நின்றவர், அதே காலத்தில் வங்காளத்தில் லட்சக்கணக்கான பேர் பட்டினியில் செத்தபோதும் ஆட்சியில் இருந்தவர். அவள் அதைச் சொல்லி முடித்தபோது சிலை மணலில் நாலு விரல் இறங்கியிருந்தது. மணல் பொதபொதவென்று இருந்த இடம் என்று நினைத்து அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை.

கவனித்தது பிறகுதான். கிரேன் ஓட்டுகிற குலாம் ரசூல், பாகிஸ்தானின் சக்வால் பக்கத்துக்காரர், ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சிலையின் நிழலில் உட்கார்ந்துகொண்டு, இந்த மனிதன் சிங்கம், ஒற்றை ஆளாக ஜெர்மன்காரனை விரட்டியவன் என்று கையை வீசிப் பேசினார். சிலை அசைந்து ஒரு சாண் கீழே போனது. எதிரே உட்கார்ந்து மீன் முள் எடுத்துக்கொண்டிருந்த பங்களாதேஷ்காரர் மொதாலிப், பரிசால் ஊர், அவன் சைத்தான், சைத்தானைத் தவிர வேறொன்றும் இல்லை என்று துப்பினார். சிலை இன்னொரு சாண் போனது. இருவரும் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். சாயங்காலம் அதைத் தூக்கி லாரி எடைமேடையில் வைத்துப் பார்த்தால், வந்த அன்று இருந்ததைப் போல ஒன்றரை மடங்கு இருந்தது. ஒரு வாரம் பேசாமல் விட்டார்கள், பழைய எடைக்கு இறங்கியது. புகழ்ந்தாலும் கனக்கிறது, திட்டினாலும் கனக்கிறது என்பது எல்லோருக்கும் புரிந்தது. சம்பளம், கிரிக்கெட், ரூம்மேட்டின் குறட்டை, எதை வேண்டுமானாலும் அங்கே உட்கார்ந்து பேசலாம், அவரைத் தவிர என்று உத்தரவு போட்டது கார்மேகம்.

கார்மேகம் அந்தக் கிடங்கின் மூத்த ரிக்கர். கனமான சாமானுக்குப் பட்டை கட்டி, கிரேன்காரருக்குக் கை காட்டித் தூக்க வைக்கும் வேலை. கமுதிக்குக் கிழக்கே உள்ள ஒரு காய்ந்த ஊரிலிருந்து வந்தவன். வந்து எத்தனை வருடம் என்று கேட்டால், வரும்போது தலையில் முடி இருந்தது என்பான். மணிகண்டன் அவனுடைய ஒரே தங்கை விஜியின் புருஷன். ஊரில் வெல்டிங் பட்டறையில் கிடந்தவனை விசா எடுத்துக் கூட்டி வந்ததும் கார்மேகம்தான். மதுரை ஏர்போர்ட்டில் மற்றவர்களின் மனைவிமார் அழுதார்கள். விஜி அழவில்லை. அவள் அப்போது முழுகாமல் இருந்தாள். அண்ணனின் சட்டைப் பையை நேராக்கிவிட்டு, "அண்ணே, இவுகள ஒங்க கண்ணு முன்னாடியே வச்சுக்கங்க" என்று மட்டும் சொன்னாள். அதனால் கார்மேகம் கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி மணிகண்டனைத் தன் ரூமிலேயே, தனக்கு மேல்கட்டிலிலேயே போட வைத்திருந்தான். மாப்பிள்ளை புரண்டு படுத்தால் மச்சானுக்குக் கட்டில் ஆடும். அந்த ஆட்டத்தில்தான் அவனுக்குத் தூக்கமே வந்தது.

சிலையை வாங்கிக்கொள்ள ஆள் வந்தது ஒரு டிசம்பரில். ப்ரையன் என்ற வெள்ளைக்காரர், துறைமுகத்தில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்று, ஊருக்குத் திரும்ப மனமில்லாமல் கடற்கரைப் பக்கம் வீடெடுத்துத் தங்கிவிட்டவர். மூடிய கிளப்பின் பழைய உறுப்பினர்கள் சேர்ந்து சிலையை ஒரு தோட்டத்தில் நிறுத்தப் போவதாகச் சொன்னார். நல்ல மனிதர். வரும்போது எல்லோருக்கும் பேரீச்சம்பழம் கொண்டுவந்தார். காலையில் எவரும் வாய் திறக்காமல் சிலையை எடை போட்டார்கள். அந்த எடைக்குத் தக்க பட்டையைக் கார்மேகம் தேர்ந்தெடுத்துக் கட்டினான். டிரெய்லர் வந்து நின்றது. குலாம் ரசூல் கிரேனில் ஏறினார். சிலை படுத்த வாக்கில் மெல்ல எழுந்து மிதந்தது. அடியில் வைக்க வேண்டிய மரக்கட்டைகளோடு மணிகண்டன் டிரெய்லர் ஓரம் நின்றான். தொங்குகிற சுமைக்குக் கீழே போகக் கூடாது என்பதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே கார்மேகம்தான், அவனும் கீழே போகவில்லை, இரண்டு கை தள்ளித்தான் நின்றான்.

அந்த நேரத்தில் ப்ரையனுக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. கிடங்கின் உத்தரவு தெரியாத அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, உலகத்தையே காப்பாற்றிய மனிதர் என்று சொன்னார். பக்கத்தில் நின்ற சம்யுக்தா பொறுக்காமல், உத்தரவையும் மறந்து, யாருடைய உலகத்தை என்று கேட்டாள். பிறகு இருவரும் இங்கிலீஷில் பிடித்துக்கொண்டார்கள். அவர் ஒரு பெருமை சொல்ல, இவள் ஒரு குற்றம் சொல்ல, குரல் ஏறியது. கார்மேகத்துக்கு இங்கிலீஷ் முழுதாகப் புரியாவிட்டாலும் அந்தப் பெயர் திரும்பத் திரும்ப வருவது கேட்டது. மேலே பட்டை முறுக்கி முனகுவதும் கேட்டது. வேலையாட்கள் யாராவது பேசியிருந்தால் அடுத்த நொடியே சத்தம் போட்டு அடக்கியிருப்பான். ஆனால் ஒருவர் வெள்ளைக்காரத் துரை, இன்னொருவர் ஆபீசர் அம்மா. சார்மார் பேசும்போது வாயை மூடுங்கள் என்று சொல்ல, வளைகுடாவுக்கு வந்த நாள் முதல் அவன் பழகவே இல்லை. கையைத் தூக்கினான், இறக்கினான். கிரேனில் எச்சரிக்கை மணி அலறியது. கிரேனின் கை தாழ்ந்து சிலை பக்கவாட்டில் சரிந்தது. டிரெய்லரின் விளிம்பைத் தட்டிக்கொண்டு மணலில் போய் விழுந்தது. மணிகண்டன் நின்ற இடத்தில்தான் விழுந்தது.

மணல் இளகலாக இருந்ததால் உயிர் போகவில்லை. இடுப்புக்குக் கீழே இரண்டு காலும் சர்ச்சிலின் கோட்டுக்கு அடியில் இருந்தன. கிரேனால் இழுத்துப் பார்த்தார்கள், சிலை அசையவில்லை, எச்சரிக்கை மணிதான் அலறியது. மண்வாரியால் மணலைத் தோண்டினார்கள். தோண்டத் தோண்டச் சிலையும் கூடவே இறங்கியது. உடனே நிறுத்தினார்கள். சம்யுக்தா ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் போன் போட்டுவிட்டு, மணலில் உட்கார்ந்து மணிகண்டனின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கும் அழுகை வந்தது, ஆனால் அவன் முகத்தில் வெயில் படாமல் ஹெல்மெட்டைப் பிடித்தபடியே அழுதாள். ஹைவேயில் ஏதோ கண்டெய்னர் கவிழ்ந்து போக்குவரத்து நின்றிருந்ததால் யாரும் சீக்கிரம் வரப் போவதில்லை என்று தெரிந்தது. சிலை, பேச்சில்லாமலேயே, விழுந்த கோபத்திலோ என்னவோ, விரல் விரலாக இறங்கிக்கொண்டிருந்தது. "மச்சான், விஜிகிட்ட இப்பச் சொல்லிறாதீக. அவ மாசமா இருக்கா" என்றான் மணிகண்டன். அவன் உதடு வெளுத்திருந்தது. கார்மேகம் சிலையின் தோளைக் கட்டிப்பிடித்துத் தூக்கிப் பார்த்தான். தனி ஆளாகத் தூக்க முடியாது என்று தெரிந்த வேலையைத்தான் அவன் வாழ்நாள் முழுதும் செய்திருக்கிறான், ஆனாலும் தூக்கிப் பார்த்தான்.

சத்தம் கேட்டுச் சாலைக்கு எதிர்ப்புறம் பக்காலா என்னும் பலசரக்குக் கடை வைத்திருந்த நெய்னா முகம்மது ஓடி வந்தார். கீழக்கரைக்காரர். சோப்பு, ரீசார்ஜ், குப்பூஸ் ரொட்டி, தலைவலி மாத்திரை, எல்லாம் அவர் கடையில்தான். சிலையின் சங்கதி அவருக்கும் தெரியும். கார்மேகம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பாய், எங்க ஊர்ல சில நேரம் பொணத்தத் தூக்கிட்டுப் போறப்ப பாடை கனத்துப்போயிரும். ஏதோ மனத்தாங்கல் பாக்கி இருக்குன்னு எறக்கி வச்சுக் கேப்போம். இது அந்த மாதிரிக் கனக்குது" என்று அழுதான். நெய்னா முகம்மது ஒரு நிமிஷம் சிலையைப் பார்த்தார். "எங்கள்ல தூக்குறதுக்கு முந்தியே கேட்டுருவோம் தம்பி" என்றார்.

அவர் தலையில் தொப்பியைச் சரி செய்துகொண்டு சிலையின் தலைமாட்டில் போய் நின்றார். அவர்கள் ஊர்ப் பள்ளிவாசலில் ஜனாஸா தொழுகைக்கு முன்னால் இறந்தவரின் வாரிசு எழுந்து நின்று ஜமாஅத்தைப் பார்த்துக் கேட்பது வழக்கம். அதே குரலில், முதலில் தமிழிலும் பிறகு ஹிந்தியிலும் கேட்டார். "இந்த மனுசனோட ஒங்களுக்கு ஏதாவது கொடுக்கல் வாங்கல் இருந்தா இப்பச் சொல்லிருங்க. மன்னிக்க முடிஞ்சவுக மன்னிக்கலாம். முடியாதவுக முடியாதுன்னே சொல்லலாம். ஆனா கேள்விப்பட்டது, படிச்சது வேணாம். அவுகவுக வீட்டுல நடந்தத மட்டும் சொல்லுங்க." ஆள் இல்லாத ஒருவருக்கு வாரிசாக நிற்பது அவருக்குப் புதிதல்ல. பக்காலா நடத்திய வருடங்களில் ஊருக்கு அனுப்ப முடியாத எத்தனையோ மையித்துக்கு, அதாவது சடலத்துக்கு, அங்கே அவர்தான் வாரிசு.

மொதாலிப் முன்னால் வந்தார். அவருடைய பாட்டனாரின் அப்பா படகுக்காரர். ஜப்பான்காரன் வந்தால் பயன்படுத்திவிடுவான் என்று சொல்லிச் சர்க்கார் ஆட்கள் கரையோரப் படகுகளை எல்லாம் பிடுங்கினார்கள், அவருடைய படகைக் கண் முன்னாலேயே ஓட்டை போட்டு ஆற்றில் அமிழ்த்தினார்கள். அடுத்த வருடம் அரிசி இல்லை. படகு இருந்தால் மீன் பிடித்திருக்கலாம், அரிசி இருக்கும் ஊருக்காவது போயிருக்கலாம். வீட்டில் முதலில் கைக்குழந்தை செத்தது, பிறகு அதைப் பெற்றவள். தானியம் அனுப்பக் கப்பல் கேட்டார்கள், கேட்ட அளவு கப்பல் தரவில்லை. "அப்போது மேலே உட்கார்ந்திருந்தது இவர். இவர் கண்ணுக்கு நாங்கள் தெரியவில்லை. எங்கள் வீட்டில் இன்றைக்கும் சோற்றுப் பானையைக் கவிழ்த்து வைப்பதில்லை. மாஃப் நஹீ கரூங்கா, மன்னிக்க மாட்டேன்" என்று ஹிந்தியில் சொன்னார். அன்றைக்குத் துப்பியது போல இப்போது துப்பவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். சொல்லி முடித்ததும் சிலை இறங்குவது நின்றது. கிரேனில் எடை காட்டும் திரையில் சிவப்பு எண் சடசடவென்று குறைந்ததைப் பார்த்துக் குலாம் ரசூல் மேலேயிருந்து கத்தினார்.

கத்தியவர் அப்படியே தன் பங்கையும் சொல்லிவிட்டார். அவருடைய தாதா, அப்பாவைப் பெற்றவர், அந்த யுத்தத்தில் சிப்பாய், ஆப்பிரிக்காவில் எரித்திரியா மலையில் ஒரு கையை விட்டுவிட்டு வந்தவர். மெடல் கொடுத்தார்கள், பென்ஷன் கொடுத்தார்கள், அதில்தான் வீடு நிமிர்ந்தது. ஆனால் தாதா சாகும்வரை இல்லாத கை அரிக்கிறது என்று தூக்கத்தில் முனகுவார், அதைச் சொரியச் சொல்லிப் பேரனைக் கூப்பிடுவார். சிங்கம் புலி எல்லாம் சும்மா சொன்னது, எங்கள் வீட்டில் நடந்தது இதுதான் என்றார். எண் இன்னும் குறைந்தது. சம்யுக்தாவும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு நிறுத்திக்கொண்டாள். "நான் சொன்னதெல்லாம் படிச்சதுங்க அண்ணா. பொய் இல்லைங்க, ஆனா எங்க வீட்டுல நடந்ததில்லைங்க" என்றாள். கார்மேகமோ தவித்தான். தன் குலத்தில் யாராவது இந்த மனிதனால் கெட்டார்களா, பிழைத்தார்களா, ஒன்றும் தெரியவில்லை. மாப்பிள்ளையின் உயிருக்குக் கொடுக்க அவனிடம் ஒரு கதைகூட இல்லை. கிரேன் இழுத்தது, சிலை ஒரு பக்கம் மூச்சு விடுகிற அளவு எழுந்தது, மறுபடி அமர்ந்தது. மணிகண்டன் கத்தினான்.

நல்லது பாக்கி இருக்கிறது என்றார் நெய்னா முகம்மது. கெட்டதை மட்டும் சொல்லி எந்த மையித்தையும் தூக்க முடியாது, நல்லதற்கும் சாட்சி வேண்டும். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ப்ரையன் தூரத்தில் தன் காருக்குப் பக்கத்தில், தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். மொதாலிப் பேசியதைச் சம்யுக்தா அவருக்கு மொழிபெயர்த்திருந்தாள். அதற்குப் பிறகு அவருக்கு வாய் திறக்க வெட்கமாகிவிட்டது. கார்மேகம் மணலில் ஓடினான். வாழ்நாளில் எந்த சாரையும் தொட்டிராதவன் அவருடைய கையைக் கெட்டியாகப் பிடித்தான், பிடித்து இழுத்துக்கொண்டே வந்தான். "சொல்லுங்க சார்! நீங்க வாய மூடிக்கிட்டு நின்னா என் தங்கச்சி தாலி போயிரும். ஒங்க வீட்டுல நடந்தத சொல்லுங்க, கிளப்புல பேசுறத சொல்லாதீங்க!" என்று தமிழிலேயே அவர் முகத்துக்கு நேராகக் கத்தினான். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ப்ரையன் சிலையைப் பார்க்காமல் மொதாலிப்பைப் பார்த்துப் பேசினார். சம்யுக்தா ஒவ்வொரு வரியாகத் தமிழிலும் ஹிந்தியிலும் சொல்லிக்கொண்டே வந்தாள். அவருடைய அம்மா ஹல் என்ற துறைமுக ஊரில் அப்போது சின்னப் பெண். குண்டு விழும்போது மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியில் அவளை உட்கார வைப்பார்கள். தெருவில் பாதி வீடுகள் போய்விட்டன. ரேடியோவில் இந்த மனிதரின் குரல் வரும். வரப்போவது கஷ்டம்தான் என்று அந்தக் குரல் ஒளிக்காமல் சொல்லும். கப்பலில் மூட்டை தூக்குகிற அவருடைய தாத்தா, இந்த ஆள் நம்மிடம் பொய் சொல்லவில்லை, அதனால் நாம் தோற்க மாட்டோம் என்று அலமாரிக் கதவைத் தட்டிச் சொல்வார். அம்மாவுக்குப் பயம் குறையும். அந்தப் பயம் குறையாமல் இருந்திருந்தால் அம்மாவுக்குச் சித்தம் கலங்கியிருக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். "அதற்காக இந்த மனிதருக்கு நன்றி சொல்கிறேன். உங்கள் முன்னால் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்" என்றார். பிறகு, கிளப்பில் ஒருநாளும் சொல்லாத ஒன்றையும் சொன்னார். யுத்தம் முடிகிற தறுவாயில் தேர்தல் வந்தபோது அதே தாத்தா சட்டையை மாற்றிக்கொண்டு போய், இவருக்கு எதிராகத்தான் ஓட்டுப் போட்டார். ஏன் என்று கேட்டதற்கு, செய்ததற்கு நன்றி, இனி எங்கள் பிள்ளைகள் படிக்க வேண்டும், அதற்கு இவர் சரிப்பட மாட்டார் என்றாராம். "நான் படித்தது அதனால்தான். பெரிய மனிதர்கள் நடுவே இதைச் சொல்ல வெட்கப்பட்டு இத்தனை வருடம் மறைத்துவிட்டேன்."

மொதாலிப் ப்ரையனின் பக்கம் இரண்டடி எடுத்து வைத்தார். பிறகு, "வோ பீ சச் ஹை, அதுவும் நிஜம்தான்" என்றார். மன்னித்துவிட்டதாக அவர் அப்போதும் சொல்லவில்லை, பிறகும் சொன்னதில்லை. சொல்லிவிட்டுக் குனிந்து, சர்ச்சிலின் தலைக்கு அடியில் இரண்டு கையையும் முதலில் கொடுத்தவர் அவர்தான். ப்ரையன் தோளைப் பிடித்தார், கார்மேகமும் நெய்னா முகம்மதுவும் இடுப்பைப் பிடித்தார்கள், குலாம் ரசூல் கிரேனிலிருந்து குதித்து வந்து காலைப் பிடித்தார். சிலை எழுந்து வந்தது. அத்தனை பேர் பிடித்திருக்கவே வேண்டியதில்லை. தூங்கிப்போன ஓர் ஆளைக் கட்டிலுக்கு மாற்றுகிற கனம்தான் இருந்தது. சம்யுக்தா மணிகண்டனின் கக்கத்தைப் பிடித்து இழுத்தாள். ஆம்புலன்ஸ் அதற்குப் பிறகு வந்தது.

ஒரு கால் நல்லபடியாகச் சேர்ந்தது, இன்னொன்று கொஞ்சம் குட்டையாகச் சேர்ந்தது. டாக்டர் உயிருக்கு ஆபத்தில்லை என்று சொன்ன அன்று கார்மேகம் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே மொதாலிப்பின் காலில் விழப் போனான், அவர் விழ விடாமல் பிடித்து உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். அதன் பின் வந்த வருடங்களில் வெள்ளிக்கிழமைதோறும் கார்மேகம் மீன் மார்க்கெட்டுக்குப் போய், கண் தெளிந்த மீனாகப் பார்த்து வாங்கி மொதாலிப்பின் ரூமில் கொண்டுபோய்க் கொடுத்தான். லீவில் ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் நெய்னா முகம்மதுக்கும் குலாம் ரசூலுக்கும் சம்யுக்தாவுக்கும் கருப்பட்டி வந்தது. சம்யுக்தா வேறு கம்பெனி மாறிப் பஹ்ரைனுக்குப் போனபோது கருப்பட்டி அங்கேயும் போனது. நன்றி என்பதை அவன் வாயால் சொல்லி முடித்துவிடவில்லை, அது தன்னிடம் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டான். வேலையில் அவனிடம் வந்த மாற்றம் ஒன்றே ஒன்று. சுமை மேலே இருக்கும்போது எந்த சார் பேசினாலும், "சார், கலாஸ், போதும். சத்தம் மாஃபி, வேணாம்" என்று கையைக் காட்டிவிடுவான். அவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

ப்ரையன் சிலையைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகவில்லை. அது இங்கேயே இருக்கட்டும், இங்கேதான் இவரைச் சரியாக நிறுத்தத் தெரிந்திருக்கிறது என்றார். கிடங்கின் அரபு முதலாளியான கஃபீலும் சரி என்றார். ஒருநாள் சாயங்காலம் நாலு பேர் அதைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து பக்காலா வாசலில் வைத்தார்கள். போகிற வருகிற கார்கள் நின்று வழிவிட்டன. அதுமுதல் பகலில் வெளியே நிற்கும், கடை சாத்தும்போது தண்ணீர் கேன்களோடு உள்ளே போகும். எப்போதாவது சிக்கல் வரும். ஒருமுறை ஏதோ பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்த ஆசிரியர், இவரைப் போல ஒரு தலைவர் பிறந்ததில்லை என்று இங்கிலீஷில் முழங்கிவிட்டுப் போக, வாசல் தரை ஓடு விரிசல் விட்டது, ஷட்டரை இறக்க முடியவில்லை. நெய்னா முகம்மது போன் போட்டு மொதாலிப்பை வரவழைத்தார். அவர் வந்து படகின் கதையைச் சொல்லிவிட்டு, ஒரு சுலைமானி டீ குடித்துவிட்டுப் போனார், சிலை உள்ளே போனது. இன்னொருமுறை சில இளைஞர்கள் வந்து மனிதனே இல்லை என்று திட்டித் தீர்த்தபோது ப்ரையன் இங்கிலாந்தில் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருடைய அம்மாவின் கதை வாய்ஸ் மெசேஜாக நெய்னா முகம்மதின் போனில் இருந்தது. அதைப் போட்டதும் கனம் இறங்கியது. குரல் போதும் போலிருக்கிறது. அதனால் போனை மாற்றினாலும் மெசேஜை மட்டும் அழிக்காமல் வைத்திருக்கிறார்.

விஜி விசிட் விசாவில் வந்தது மகளுக்கு மூன்று வயது முடிந்த பிறகு. வந்த மறுநாளே அந்தச் சிலையைப் பார்க்க வேண்டும் என்றாள். கார்மேகத்துக்கு உதறல்தான். தங்கையின் வாய் அவனுக்குத் தெரியும். மணிகண்டன் காலை இழுத்து நடந்து அவளைக் கூட்டி வந்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம், மொதாலிப் இருந்தார், குலாம் ரசூல் இருந்தார். தொழுகைக்கு நேரமாகிவிட்டதால் கடையைச் சாத்துவதற்காக நெய்னா முகம்மது தண்ணீர் கேன்களை உள்ளே எடுத்துக்கொண்டிருந்தார். விஜி சிலைக்கு முன்னால் வந்து நின்று தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். சுருட்டு இருந்த ஓட்டையில் யாரோ ஒரு பேனாவைச் செருகியிருந்தார்கள்.

"என் புருசன் கால ஒடச்சது நீரு. அத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்" என்றாள். சிலைக்குக் கீழே ஓடு முனகியது. நெய்னா முகம்மது கேனோடு அப்படியே நின்றார். கார்மேகம் ஓரடி முன்னால் வந்தான். ஆனால் விஜி இன்னும் முடிக்கவில்லை. அவள் திரும்பி, அங்கே நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். போனில் பேராக மட்டும் கேட்டிருந்தவர்கள். மொதாலிப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு அவளுடைய மகளின் கையில் ஒரு ஜூஸ் டப்பாவைத் திணித்தார். விஜிக்குக் கண் நிறைந்துவிட்டது. மதுரை ஏர்போர்ட்டில் அழாதவள் இங்கே எல்லோர் முன்னாலும் அழுதாள். மறுபடி சிலையின் பக்கம் திரும்பினாள்.

"ஆனா ஒம்ம சாக்குலதான் இத்தன பேரு எனக்குக் கூடப்பொறந்தவுகளா வந்தாக. ஒம்ம எறக்கி வச்சதுலதான் இவுக எல்லாம் யாருன்னு எனக்குத் தெரிஞ்சுச்சு. அதுக்கு ஒமக்கு நன்றி. அதையும் மறக்க மாட்டேன்."

ஓடு முனகுவது நின்றது. தொழுகைக்கு அழைப்பு கேட்டது. நெய்னா முகம்மது கேனை உள்ளே வைத்துவிட்டு வந்து சிலையைப் பிடிக்கக் குனிந்தார். விஜி, "இருங்கண்ணே, நீங்க தொழுகைக்குக் கெளம்புங்க" என்று சொல்லிவிட்டு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தோள் பக்கத்தைப் பிடித்தாள். மணிகண்டன் கால் பக்கத்தைப் பிடித்தான். இருவரும் சர்ச்சிலைத் தூக்கிப் படியேறினார்கள்.

"கனமா இருக்கா தாயி?" என்று கார்மேகம் கேட்டான்.

"ஓராள் கனந்தேண்ணே" என்றாள் விஜி. பக்காலாவின் நடை குறுகல் என்பதால், அவருடைய தலை இடிக்காமல் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கச் சொன்னாள்.